வரப்பைத் தாண்டினால் சங்கம்

பைண்ட்வீட் என்று ஒரு கொடிக்களை. வெள்ளைப் பூ, பார்க்க அழகாகத்தான் இருக்கும். வேர் மட்டும் நூல்கயிறு மாதிரி வெளுத்து, தொட்டால் ஒடிந்து ஒடிந்து வரும். விரல் நீளத் துண்டு ஒன்று மண்ணில் தங்கினால் போதும், சில வாரத்தில் முளைத்து நிற்கும். உங்கள் நிலத்தில் ஒரு வேர் விடாமல் பொறுக்கி எடுத்துவிட்டீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். பக்கத்து நிலத்துக்காரர் ஒரு வருடமாக எட்டிப் பார்க்கவில்லை. நடுவில் இரண்டடிப் பாதை. அந்தப் பாதைக்கு அடியில் வேர் நகர்ந்து வருகிறது. அவரிடம் போய்ச் சண்டை போடலாம் என்றால் ஆளே வருவதில்லை. நீங்களே உள்ளே இறங்கிக் களையெடுக்கலாம் என்றால் அது அவருடைய குத்தகை. கடைசியில் சங்கச் செயலாளருக்கு ஒரு மெயில் போடுவீர்கள்.

பிரிட்டனில் அலாட்மென்ட் சங்கம் நடத்துவது என்றால் பெரும்பாலும் அந்த மெயிலைப் படித்துவிட்டு என்ன செய்வது என்று யோசிப்பதுதான். வெளியில் இருப்பவர்கள் இதைத் தோட்டக்கலை மன்றம் என்று நினைக்கிறார்கள். நானும் அப்படி நினைத்துத்தான் சில வருடங்களுக்கு முன் செயலாளர் பொறுப்பை ஒப்புக்கொண்டேன். தக்காளியைப் பற்றி யாரும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டதெல்லாம் வாசல் பூட்டு, தண்ணீர்த் தொட்டி, நெருப்புப் புகை, பக்கத்துக்காரர் நட்ட மரத்தின் நிழல், தன் பெயர் காத்திருப்போர் பட்டியலில் எத்தனையாவது இடத்தில் இருக்கிறது, இவ்வளவுதான். வரப்புக்குள் என்ன பயிரிடுகிறோம் என்பது அவரவர் இஷ்டம். வரப்பைத் தாண்டிய அத்தனையும் சங்கத்தின் தலையில்.

அலாட்மென்ட் என்றால் என்ன என்று முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு பெரிய நிலத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் ஒரு குடும்பத்துக்கு வருட வாடகைக்கு விடுவது. வீட்டை ஒட்டிய தோட்டம் இல்லை. நடந்தோ சைக்கிளிலோ போய்வர வேண்டும். ஒரு முழுத் துண்டு பழைய கணக்கில் 10 ராட், அதாவது சுமார் 250 சதுர மீட்டர். இங்கே ராட் என்பது பக்கத்துக்கு ஐந்தரை கஜம் உள்ள ஒரு சதுரம். மீட்டர் கணக்குக்கு நாடு மாறிய பிறகும் பல தோட்டங்களில் வாடகையை ராட் கணக்கில்தான் போடுகிறார்கள். புதிதாக வருபவர்களுக்கு முதல் பில்லைப் பார்த்ததும் தலை சுற்றும்.

இதன் வேர் ஒரு பழைய பறிகொடுத்தலில் இருக்கிறது. 18, 19ஆம் நூற்றாண்டுகளில் இங்கிலாந்துக் கிராமங்களின் பொது நிலங்கள் சட்டம் போட்டு வேலியடைக்கப்பட்டன. மாடு மேய்க்கவும் விறகு பொறுக்கவும் ஏழைகளுக்கு இருந்த உரிமை அதோடு போயிற்று. அதற்கு ஈடாகச் சிறு துண்டாவது கொடுங்கள் என்ற குரல்கள் கேட்டன. வில்ட்ஷயரில் கிரேட் சாமர்ஃபோர்டு என்ற ஊரின் பாதிரியார் ஸ்டீஃபன் டிமெய்ன்பிரே மூன்றாம் ஜார்ஜ் மன்னருக்கே கடிதம் எழுதினார். 1809இல் ஆறு ஏக்கர் ஏழைகளுக்கென்று ஒதுக்கப்பட்டது. இன்றும் அது தோட்டமாகவே இருக்கிறது. 1845ஆம் ஆண்டின் சட்டம் இப்படி ஒதுக்குவதற்கு இடம் கொடுத்தது. ஆனால் அதன்படி வேலியடைத்த ஆறு லட்சத்துச் சொச்சம் ஏக்கரில் தோட்டத்துக்குப் போனது சுமார் 2,200 ஏக்கர். யானைப் பசிக்குச் சோளப்பொரி.

பிறகு 1887இல் ஒரு சட்டம், அதைவிட வலுவாக 1908இல் இன்னொன்று. இன்றைக்கும் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அடிப்படை அந்த 1908 சட்டம்தான். ஆறு வாக்காளர்கள் சேர்ந்து எழுதிக் கேட்டால், இந்த ஊரில் அலாட்மென்டுக்குத் தேவை இருக்கிறதா என்று கவுன்சில், அதாவது உள்ளாட்சி மன்றம், பரிசீலித்தே ஆகவேண்டும். இருந்தால் நிலம் ஏற்பாடு செய்யும் கடமையும் உண்டு. லண்டனின் உள்வட்டக் கவுன்சில்களுக்கு மட்டும் விலக்கு. எத்தனை நாளுக்குள் என்று சட்டம் சொல்லவில்லை என்பதுதான் இதன் ஓட்டை. ஸ்காட்லாந்து 2015இல் போட்ட சட்டம் இதில் கெட்டிக்காரத்தனமானது: காத்திருப்பவர்களின் எண்ணிக்கையையும் காத்திருக்கும் வருடத்தையும் குறிப்பிட்டு, ஒருவரும் ஐந்து வருடத்துக்கு மேல் காத்திருக்காதபடி கவுன்சில் நியாயமான முயற்சி எடுக்க வேண்டும் என்று எல்லை வைத்திருக்கிறது.

இரண்டு உலகப் போர்களும் இந்தத் தோட்டங்களை ஊதிப் பெருக்கின. இரண்டாம் போரின்போது பூங்காவையும் விளையாட்டுத் திடலையும்கூடக் கொத்திப் போட்டார்கள். துண்டுகளின் எண்ணிக்கை 14 லட்சத்தைத் தொட்டது. போர் முடிந்து கடைகளில் காய்கறி மலிந்ததும் ஆட்கள் விலகினார்கள். காலியான நிலத்தில் வீடு, பள்ளி, சாலை வந்தன. இன்று மூன்று லட்சத்துச் சொச்சம் துண்டுகள் இருப்பதாகச் சொல்கிறார்கள். சங்கம் நடத்துபவர் மனதில் வைத்துக்கொள்ள வேண்டியது இந்தப் போர்க்காலப் பெருமையை இல்லை, அதற்குப் பின் வந்த சரிவைத்தான். நிலத்தை யாரும் ஒரே நாளில் பிடுங்கவில்லை. முதலில் நிலம் காலியாகக் கிடந்தது, அப்புறம்தான் போயிற்று.

சரி, சங்கம் எங்கே வருகிறது? நிலம் பெரும்பாலும் கவுன்சிலுடையது. சில இடங்களில் தேவாலயம், அறக்கட்டளை, தனியார். முன்பு கவுன்சில் அதிகாரி ஒருவரே வாடகை வசூலித்து, புகார் கேட்டு, பூட்டு மாற்றிக்கொண்டிருந்தார். செலவைக் குறைக்க வேண்டிய நிலை வந்தபோது பல கவுன்சில்கள் முழு நிலத்தையும் சங்கத்துக்கே குத்தகைக்கு விட்டுவிட்டு ஒதுங்கின. சங்கம் கவுன்சிலுக்கு ஒரு தொகை கட்டும். உறுப்பினர்களுக்குத் துண்டு துண்டாக உள்குத்தகை விடும். மிச்சப் பணத்தில் வேலி, குழாய், பாதை பார்த்துக்கொள்ளும். சுதந்திரம் என்று இதைக் கொண்டாடுவார்கள். பாதி உண்மை. வாசல் கதவின் கீல் உடைந்தால் முன்பு ஒரு போன் போதும். இப்போது ஞாயிற்றுக்கிழமை காலையில் நீங்களே ஸ்க்ரூடிரைவரோடு நிற்க வேண்டும்.

இனி முக்கியமான விஷயம். ஒரு சங்கம் உருப்படியாக நடக்கிறதா என்று பார்க்க அதன் ஆண்டறிக்கையைப் படிக்கத் தேவையில்லை. ஜூன் மாதத்தில் ஒரு சுற்று நடந்தால் போதும். இடுப்பளவு புல் மண்டிய துண்டு எத்தனை என்று எண்ணுங்கள். ஏன் இந்த ஒன்றையே பிடித்துக்கொண்டு தொங்குகிறேன் என்றால், மற்ற எல்லாப் பிரச்சினையும் இதில் வந்து முடிச்சுப் போடுகிறது. தரிசான துண்டிலிருந்து விதை பறக்கிறது, வேர் ஊர்கிறது, நத்தை வருகிறது. அறுவடையில் விட்டுப்போன உருளைக்கிழங்கு அடுத்த வருடம் தானே முளைத்து, இலைக்கருகல் நோயைத் தோட்டம் முழுக்கப் பரப்புகிறது; ஈரமான கோடையில் ஒரு வாரம் போதும். இதற்கிடையே வேலிக்கு வெளியே ஒருவர் பட்டியலில் நாலு வருடமாக நிற்கிறார். அவர் நடைப்பயிற்சிக்குப் போகும்போது அந்தப் புல்லைத் தினமும் பார்க்கிறார்.

அந்த நிலத்தை எடுத்து இவருக்குக் கொடுத்தால் தீர்ந்தது என்று தோன்றும். ஆனால் ஒருவர் கையிலிருந்து நிலத்தை வாங்கி இன்னொருவருக்குக் கொடுப்பது, எவ்வளவு சின்னத் துண்டாக இருந்தாலும், லேசான காரியமில்லை. வேலை போனவர், அறுவை சிகிச்சை முடிந்து படுத்திருப்பவர், குழந்தை பிறந்தவர், மனைவியை இழந்தவர் என்று புல்லுக்குப் பின்னால் பெரும்பாலும் ஒரு கதை இருக்கும். வெறும் அலட்சியமும் இருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு துண்டும் ஒரே பச்சை.

நல்ல சங்கங்கள் இதற்கு ஒரு வழக்கம் வைத்திருக்கின்றன. வருடத்துக்கு இரண்டு மூன்று முறை, தேதியை முன்கூட்டியே அறிவித்துவிட்டு, குழுவில் இரண்டு பேராவது சேர்ந்து எல்லாத் துண்டுகளையும் சுற்றிப் பார்ப்பது. எல்லாத் துண்டுகளையும் என்பது முக்கியம். குழுத் தலைவருடையதும் அதில் சேர்த்தி. ஒவ்வொரு முறையும் ஒரே மூலையில் நின்று ஒரு போட்டோ. பிறகு கடிதம்.

கடிதத்தை எப்படி எழுதுவது என்பதில் நான் நிறையச் சூடுபட்டிருக்கிறேன். முதல் வருடம் எழுதியது இப்படி: “உங்கள் நிலம் மிக மோசமான நிலையில் உள்ளது. விதி 7ஐ மீறியுள்ளீர்கள். உடனடியாகச் சரிசெய்யவும்.” பதில் வந்த வேகத்தையும் சூட்டையும் இங்கே எழுத முடியாது. மோசம் என்பது அபிப்பிராயம், உடனடி என்பது கெடு இல்லாத கெடு. எதைச் செய்தால் போதும் என்று அதில் எங்குமே இல்லை. பிற்பாடு மாற்றிக்கொண்டோம்: “ஏப்ரல் 14 அன்று பார்த்தபோது உங்கள் துண்டில் முக்கால் பங்கு புல்லாக இருந்தது, போட்டோ இணைத்திருக்கிறோம். மே 12 அன்று மறுபடி வருவோம். அதற்குள் பாதியையாவது வெட்டி, கால் பங்கில் பயிர் வைத்திருந்தால் போதும். உடம்பு சரியில்லை, வேலைப் பளு என்று எதுவாக இருந்தாலும் ஒரு வரி எழுதுங்கள். பாதித் துண்டை விட்டுக்கொடுத்துவிட்டு மீதியை வைத்துக்கொள்ளவும் வழி உண்டு.” இதற்கு வந்த பதில்களில் பெரும்பாலானவை மன்னிப்போ விளக்கமோதான். சிலர் தாங்களே துண்டைத் திருப்பிக் கொடுத்தார்கள். கொடுத்துவிடலாம் என்று ஒரு வருடமாகவே நினைத்திருக்கிறார்கள், யாராவது வாயைத் திறக்கட்டும் என்று காத்திருந்திருக்கிறார்கள்.

இரண்டாவது முறையும் மாற்றமில்லை என்றால் எச்சரிக்கை. அதற்கும் அசையவில்லை என்றால்தான் காலி செய்யும் நோட்டீஸ். கவுன்சில் நிலங்களில் வாடகை 40 நாள் பாக்கியாக இருந்தாலோ குத்தகை விதியை மீறினாலோ ஒரு மாத நோட்டீஸில் குத்தகையை முடிக்க 1908 சட்டம் இடம் தருகிறது. குற்றம் எதுவும் இல்லாமல் நிலம் வேண்டும் என்று எடுப்பதானால் பொதுவாக 12 மாத அவகாசம் தர வேண்டும். அதுவும் ஏப்ரல் 6ஆம் தேதிக்குள்ளோ, செப்டம்பர் 29 அன்றோ அதற்குப் பின்போதான் அது முடிய வேண்டும். பயிர் நிற்கும் கோடையில் ஆளைக் கிளப்பக் கூடாது என்பது கணக்கு. சட்டம் எழுதியவர்களில் ஒருவராவது கையில் மண்வெட்டி பிடித்திருக்க வேண்டும்.

படிப்படியாக ஏறும் இந்த நடவடிக்கைக்குப் பெரிய இடத்து ஆதரவும் உண்டு. பொருளாதாரத்துக்கான நோபல் பரிசை 2009இல் பெற்ற எலினார் ஆஸ்ட்ரம், மேய்ச்சல் நிலம், பாசனக் கால்வாய், மீன்பிடி நீர் என்று பலரும் சேர்ந்து பயன்படுத்தும் வளங்களை ஊர் மக்களே எப்படிப் பல நூற்றாண்டுகள் அழியாமல் காத்தார்கள் என்று ஆராய்ந்தவர். ஸ்விட்சர்லாந்தின் மலைக் கிராமமும் ஸ்பெயினின் வலென்சியாக் கால்வாயும் அவர் பார்த்தவற்றில் சேர்த்தி. நீடித்த ஏற்பாடுகளில் பொதுவாக அவர் கண்டவற்றில் சில: எல்லை தெளிவாக இருக்கிறது, விதியைப் போடுவதில் அதற்குக் கட்டுப்படுகிறவர்களுக்கும் பங்கு உண்டு, கண்காணிப்பவர் ஊர்க்காரரே, முதல் தப்புக்குச் சின்னத் தண்டனை, தொடர்ந்தால் பெரியது, சண்டை வந்தால் செலவில்லாமல் பக்கத்திலேயே தீர்த்துக்கொள்ள ஓர் இடம். அலாட்மென்ட் குழுக் கூட்டத்தில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தவருக்கு இதில் ஒன்றும் புதிதாக இருக்காது. என்ன, அவருக்கு அது தியரி என்று தெரியாது.

கடைசிக் கட்டத்தில் முறையீட்டுக்கு வழி இல்லாத சங்கங்கள்தான் பெரும்பாலும் உடைகின்றன. நோட்டீஸ் அனுப்பிய அதே மூன்று பேரே முறையீட்டையும் விசாரித்தால் யார் நம்புவார்கள்? குழுவில் இல்லாத இரண்டு மூத்த உறுப்பினர்களையோ, பக்கத்துச் சங்கத்துக்காரர் ஒருவரையோ அதற்குக் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. ஊர் கூடித் தேர் இழுக்கலாம்; ஆனால் நோட்டீஸில் கையெழுத்துப் போடுவது ஒருவர்தான். அந்த ஒருவர் மறுநாளும் அதே வாசல் வழியாகத்தான் உள்ளே போக வேண்டும்.

ஜெர்மனியில் இதையெல்லாம் சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள். 1860களில் லைப்சிக் நகரில் தொடங்கியது அவர்களுடைய தோட்டச் சங்க மரபு. மோரிட்ஸ் ஷ்ரேபர் என்ற மருத்துவர் பெயரால் ஷ்ரேபர் தோட்டம் என்கிறார்கள். அவர் இறந்த பிறகு மற்றவர்கள் ஆரம்பித்தது அது. இன்றைய சட்டம் 1983இல் வந்தது. ஒரு துண்டு 400 சதுர மீட்டருக்கு மேல் போகக் கூடாது, குடில் 24 சதுர மீட்டருக்கு மேல் போகக் கூடாது, அதில் குடியிருக்கக் கூடாது. நிலத்தில் மூன்றில் ஒரு பங்கிலாவது காயோ கனியோ பயிராக வேண்டும் என்று நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. பிரிட்டிஷ் சட்டமோ, 1922இல் சொன்னதோடு நிறுத்திக்கொண்டது: கால் ஏக்கருக்கு மிகாத நிலம், முழுக்கவோ பெரும்பாலுமோ தன் குடும்பம் தின்னக் காயும் கனியும் விளைவிக்க. அந்தப் ‘பெரும்பாலும்’ என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு நடந்த குழுச் சண்டைகளுக்குக் கணக்கில்லை. புல்தரையும் ஊஞ்சலும் எத்தனை சதவீதம் இருக்கலாம்? 1950 சட்டம் கோழியும் முயலும் வளர்க்கலாம் என்றது. சேவலுக்கு மட்டும் அனுமதி இல்லை. அக்கம்பக்கத்துத் தூக்கம் முக்கியம்.

காத்திருப்போர் பட்டியலுக்கு வருகிறேன். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 60 துண்டு, பட்டியலில் 40 பேர், வருடத்துக்கு ஐந்து துண்டு காலியாகிறது என்றால் கடைசி ஆளுக்கு எட்டு வருடம். காலியாகும் ஒவ்வொன்றையும் இரண்டாகப் பிரித்துக் கொடுத்தால் நாலு வருடம். புதிதாக வருபவருக்கு முழுத் துண்டு பெரும்பாலும் தாங்காது என்பதால் இதில் இன்னொரு லாபமும் உண்டு. ஐந்தடிப் புல்லை முதல் வருடத்தில் தனியாளாக வெட்டித் திருத்த முயன்று, ஆகஸ்டில் மனம் விட்டுப்போனவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அரைத் துண்டில் தொடங்கியவர்கள் நிலைக்கிறார்கள். நஷ்டம் என்னவென்றால், முழுத் துண்டு வைத்திருக்கும் பழையவர்களுக்கும் அரைத் துண்டுப் புதியவர்களுக்கும் நடுவே மெல்ல ஒரு புகைச்சல் கிளம்பும். “அவருக்கு மட்டும் ஏன்?” என்ற கேள்விக்கு, அவர் வந்தபோது கேட்பார் இல்லை என்பதைத் தவிர பதில் கிடையாது.

பட்டியலை வருடம் ஒரு முறை சலிக்க வேண்டும். இன்னும் வேண்டுமா என்று எல்லோருக்கும் ஒரு மெயில். ஊர் மாறியவர், குழந்தை வளர்ந்தவர், மறந்தே போனவர் எல்லாம் உதிர்ந்துவிடுவார்கள். பட்டியலில் மிஞ்சுபவர் எத்தனை பேர் என்பது வெறும் புள்ளிவிவரம் இல்லை. 1925 சட்டத்தின் 8ஆம் பிரிவுப்படி, அலாட்மென்டுக்கென்றே வாங்கியோ ஒதுக்கியோ வைத்த கவுன்சில் நிலத்தை அமைச்சரின் சம்மதமில்லாமல் விற்க முடியாது. சம்மதம் கேட்டு வரும்போது பார்ப்பவற்றில் ஒன்று, காத்திருப்போர் எண்ணிக்கையைக் கவுன்சில் கணக்கில் எடுத்துக்கொண்டதா என்பது. ஆக, ஒழுங்காகப் பராமரித்த பட்டியல் நிலத்துக்குப் போட்ட வேலி. புல் மண்டிய பத்துத் துண்டு அந்த வேலியில் விழுந்த ஓட்டை. இதில் ஒரு பொடி விஷயம் பலருக்குத் தெரிவதில்லை: வேறு எதற்கோ வாங்கிவிட்டுத் தற்காலிகமாகத் தோட்டமாக விட்டிருக்கும் நிலத்துக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. இரண்டும் வெளியே பார்க்க ஒன்றுதான், வித்தியாசம் பத்திரத்தில்தான். உங்கள் நிலம் எந்த ரகம் என்று கவுன்சிலிடம் எழுத்தில் கேட்டு வாங்கி வையுங்கள்.

கேட்டு வைத்தாலும் எப்போதும் பிழைக்கும் என்று சொல்ல முடியாது. லண்டனில் மேனர் கார்டன் என்ற பழைய தோட்டம் 2012 ஒலிம்பிக் பூங்காவுக்காக 2007இல் காலி செய்யப்பட்டது. வாட்ஃபோர்டில் ஃபார்ம் டெரஸ் தோட்டக்காரர்கள், மருத்துவமனையை ஒட்டிய வளர்ச்சித் திட்டத்துக்கு நிலம் போவதை எதிர்த்து நீதிமன்றம் போனார்கள். அமைச்சரின் சம்மதம் திரும்பத் திரும்ப நிறுத்தப்பட்டு, மூன்றாவது முறை 2016இல் தோற்றார்கள். மறுபுறம் நாட்டிங்ஹாமில் செயின்ட் ஆன்ஸ் தோட்டம் 75 ஏக்கரில், உயர் தரப் பாரம்பரியச் சின்னமாகப் பட்டியலிடப்பட்டு நிற்கிறது.

தண்ணீர் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. சங்கத்தின் செலவில் பெரிய செலவு பல இடங்களில் அதுதான். ஆளுக்கொரு குழாய் கிடையாது. பாதை ஓரமாகத் தொட்டிகள் இருக்கும், மிதவை வால்வு அவற்றை நிரப்பும், வாளியால் மொண்டு ஊற்ற வேண்டும். ஹோஸ் வைத்துப் பாய்ச்சலாமா என்பது ஒவ்வொரு பொதுக்கூட்டத்திலும் தவறாமல் வரும் தகராறு. மீட்டர் ஒன்றுதான், வாடகை எல்லோருக்கும் ஒன்றுதான். ஆகவே தெளிப்பானைத் திறந்துவிட்டு டீ குடிக்கப் போகிறவரின் தண்ணீருக்கு, வாளி தூக்கும் எழுபது வயதுக்காரரும் பணம் கட்டுகிறார்.

எங்களுக்கு ஒரு வருடம் தண்ணீர் பில் இரட்டிப்பாக வந்தது. கோடையில் வெயில் அதிகம் என்று யாரோ சமாதானம் சொன்னார்கள். ஒரு நாள் சாயங்காலம் எல்லோரும் போன பிறகு, எல்லாத் தொட்டிகளும் நிறைந்திருக்க, வாசலில் மீட்டர் மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். சின்னச் சிவப்பு முள் நிதானமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. ஒருவரும் குடிக்காத தண்ணீர் எங்கோ போகிறது. குழாய்ப் பாதையை மூன்று பகுதியாகப் பிரிக்கும் வால்வுகள் உண்டு என்று பழைய கணக்குப் புத்தகத்தில் ஒரு வரி இருந்தது. எங்கே என்று இல்லை. முப்பது வருடமாகத் துண்டு வைத்திருக்கும் ஒரு பெரியவர் வந்து, பிளாக்பெர்ரிப் புதருக்கு அடியில் குச்சியால் தட்டித் தட்டி இரும்பு மூடியைக் கண்டுபிடித்தார். ஒவ்வொரு வால்வாக மூடி, ஓடிப் போய் மீட்டரைப் பார்த்தோம். மூன்றாவதை மூடியதும் முள் நின்றது. அந்தப் பகுதியில் புதிதாக வேலி போட்ட ஒருவரின் இரும்பு முளை குழாயைத் துளைத்திருந்தது. அவருக்கே தெரியாது. அந்த மூலையில் மட்டும் கீரை பிரமாதமாக வந்திருந்தது.

எருவும் இப்படித்தான், சேர்ந்து வாங்கினால் மலிவு, சேர்ந்து வாங்கினால் ஆபத்தும் சேர்ந்தே வரும். அமினோபைரலிட் என்ற களைக்கொல்லியைப் புல்வெளியில் அடிக்கிறார்கள். புல்லுக்கு ஒன்றும் ஆகாது. அந்தப் புல்லைத் தின்ற குதிரைக்கும் ஒன்றும் ஆகாது. மருந்து மட்டும் சாணியில் அப்படியே வெளியே வருகிறது. அந்த எருவில் நட்ட தக்காளி, உருளை, அவரை இனங்களின் இலை கிண்ணம் போலச் சுருண்டு, நுனி பெரணிக் குருத்து மாதிரி முறுக்கிக்கொள்ளும். 2008இல் பிரிட்டன் முழுக்கத் தோட்டங்கள் இதில் அடிபட்டு, அது சேர்ந்த மருந்துகளின் விற்பனையையே சில காலம் நிறுத்தி வைத்தார்கள். லாரி லோடு எரு இறக்கும் சங்கம், பிரித்துக் கொடுப்பதற்கு முன் ஒரு சோதனை செய்துவிடுவது புத்திசாலித்தனம். நாலு தொட்டியில் எருவும் மண்ணும் கலந்து, நாலு தொட்டியில் வெறும் மண் போட்டு, எல்லாவற்றிலும் பிராட் பீன்ஸ் விதை ஊன்றி, மூன்று நான்கு வாரம் பார்க்க வேண்டும். எருத் தொட்டியில் மட்டும் இலை சுருண்டால் லோடைத் திருப்பி அனுப்பலாம். அறுபது துண்டில் கொட்டிய பிறகு யாரிடம் போய்த் திருப்பிக் கொடுப்பது?

பணக் கணக்கு சலிப்பான விஷயம், சுருக்கமாக. வங்கிக் கணக்கில் இரண்டு கையெழுத்து, ரசீது இல்லாமல் செலவில்லை, வருடம் ஒரு முறை குழுவுக்கு வெளியே ஒருவர் பார்த்துச் சரி என்று சொல்வது, விபத்துக்கான பொறுப்புக் காப்பீடு. இவை இருந்தால் பாதித் தலைவலி தீரும். ஆனால் ஒன்றைச் சற்று நின்று சொல்ல வேண்டும். பதிவு செய்யாத சங்கத்துக்குச் சட்டத்தின் கண்ணில் தனி உடம்பு கிடையாது. குத்தகைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடுவது தலைவரும் செயலாளரும் தனி மனிதர்களாகத்தான். பழைய கொட்டகையின் கூரையில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்து, அதை அகற்றப் பெரிய செலவு வந்து, சங்கத்திடம் பணமில்லை என்றால் கை நீள்வது அவர்கள் சொந்தப் பணத்தை நோக்கித்தான். அதனால்தான் நிலத்தை முழுசாகக் குத்தகைக்கு எடுக்கும் சங்கங்கள் உத்தரவாத வரம்புள்ள கம்பெனியாகவோ (உறுப்பினரின் பணப் பொறுப்பு ஒரு சிறு தொகையோடு நின்றுவிடும்) சமூக நலச் சங்கமாகவோ பதிவு செய்துகொள்கின்றன. பதிவு செய்தால் வருடா வருடம் அறிக்கை அனுப்பும் வேலை கூடும். கையெழுத்துப் போடப் போகிறவர் நீங்களாக இருந்தால் அந்த வேலை பெரிதாகத் தெரியாது.

விதிகளை எத்தனை வைப்பது என்று கேட்டால், கம்மியாக என்பேன். ஒவ்வொரு சண்டைக்கும் ஒரு விதி சேர்த்துக்கொண்டே போன சங்கத்தின் விதிப் புத்தகம் கல்யாணப் பத்திரிகைக் கட்டு போலத் தடித்திருக்கும், ஒருவரும் படித்திருக்க மாட்டார்கள். பழைய கம்பளத்தைக் களைக்கு மூடாக விரிக்கக் கூடாது என்பது போன்ற விதிக்குக் காரணத்தையும் கூடவே எழுதினால் கேட்கிறார்கள்: இரண்டு மூன்று வருடத்தில் அது மக்கி, பிளாஸ்டிக் நூலும் புல்வேரும் பின்னிக்கொண்டு, மண்ணிலிருந்து பிரிக்கவே வராது. பழமரம் என்றால் மரத்தைக் குட்டையாக வைக்கும் வேர்ச்செடியில் ஒட்டுப்போட்டது மட்டும் என்பதற்கும் காரணம் நிழல்தான் என்று ஒரு வரி சேர்த்தால் போதும்.

ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் நாற்காலிகள் காலியாகக் கிடக்கும். வாடகை ஏறும் வருடத்தில் மட்டும் நிற்க இடமிருக்காது. குழுப் பதவிக்குப் போட்டி என்பது அபூர்வம். “வேறு யாராவது?” என்று தலைவர் கேட்டதும் எல்லோரும் தங்கள் காலணியைப் பார்ப்பார்கள். ஒருவரே பதினைந்து வருடம் செயலாளராக இருப்பது இப்படித்தான் நடக்கிறது. அவர் விலகும் நாளில்தான், தோட்டத்தின் பாதி விவரம் அவர் தலைக்குள் மட்டும் இருந்தது என்று தெரியவரும். பதவியை மூன்று வருடத்துக்கு மேல் நீட்டக் கூடாது என்று நாங்கள் எழுதி வைத்ததற்கு ஜனநாயகப் பற்று காரணமில்லை. அந்த வால்வு தேடிய சாயங்காலம்தான் காரணம்.

என் முறை முடிந்தபோது புதிய செயலாளரிடம் ஒரு பிளாஸ்டிக் பெட்டியைக் கொடுத்தேன். குத்தகைப் பத்திரத்தின் நகல், துண்டு எண்களோடு வரைந்த வரைபடம், காப்பீட்டுத் தாள், பட்டியல், சாவிகள். பிறகு இருவரும் ஒரு சுற்று நடந்தோம். எந்தத் தொட்டியின் மிதவை ஒட்டிக்கொள்ளும், எந்த மாதம் தண்ணீரை மூடிக் குழாய்களை வடிக்க வேண்டும், உறைபனிக்கு எது முதலில் வெடிக்கும் என்று சொல்லிக்கொண்டே போனேன். முதல் வால்வு, இரண்டாவது வால்வு, எல்லாம் சிவப்புப் பெயின்ட் அடித்த மூடியோடு சரியாக இருந்தன. மூன்றாவது இடத்துக்குப் போனால் மூடியே தெரியவில்லை. ஒரு கோடையில் பிளாக்பெர்ரி மறுபடி மூடிவிட்டிருந்தது. அவர் பையிலிருந்து கத்தரியை எடுத்தார், நான் கையுறையைப் போட்டுக்கொண்டேன்.